ஒரு நூல் தூக்கல்

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தை மூன்று வருடமாக வாசிக்கிறேன். நீங்கள் அங்கங்கே எழுதியதைப் பார்த்துத்தான் ஜாஸ் கேட்கத் தொடங்கினேன். 'கட்டாயம் கேட்க வேண்டிய நூறு ஜாஸ் ஆல்பங்கள்' என்று ஒரு பட்டியல் கிடைத்தது. நான்கு மாதத்தில் அறுபத்திரண்டு முடித்துவிட்டேன். ஆனால் எல்லாரும் முதலிடம் கொடுக்கிற, டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வை மூன்று முறை கேட்டும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. என் காதில் கோளாறா? அதில் வரும் 'ஸோ வாட்' கரகரப்ரியா ராகம் என்கிறார்களே, உண்மையா? நாற்பது வருடத்துக்கு மேலாக ரெக்கார்டு சேர்ப்பவர் நீங்கள். பத்து ஆல்பம் சொல்லுங்கள். ஒரிஜினல் பிரஸ்ஸிங், அதாவது முதலில் அச்சடித்த தட்டு, வாங்குவதா, மறுபதிப்பு போதுமா? அறுபதாயிரத்துக்குள் நல்ல டர்ன்டேபிள் எது?

ர., கோயம்புத்தூர்

அன்புள்ள ர.,

டர்ன்டேபிள் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். என்னுடையது பெல்ட் மாற்றி மாற்றி ஓட்டுகிற கிழட்டுப் பெட்டி. அதைப் பார்த்தால் அறுபதாயிரம் ரூபாய்க்காரர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

காதில் கோளாறு ஒன்றும் இல்லை. கோளாறு 'முடித்துவிட்டேன்' என்கிற அந்தச் சொல்லில் இருக்கிறது. முடிப்பதற்கு இது என்ன அரியர் பேப்பரா? நான்கு மாதத்தில் அறுபத்திரண்டு என்றால் இரண்டு நாளைக்கு ஒன்று. ஒரு மனுஷன் தன் வாழ்நாளில் சேர்த்துவைத்ததை இரண்டு நாளில் பஸ்ஸிலும் ஆபீஸிலும் காதில் ஊற்றிக்கொண்டு, அடுத்தது என்ன என்று பட்டியலில் டிக் அடித்திருக்கிறீர்கள். சாக்ஸபோன்காரர் சார்லி பார்க்கர் மேல் பைத்தியமாக இருந்த டீன் பெனடெட்டி என்றொருவர், 1947-48ல் கிளப் கிளப்பாகப் போய் பார்க்கர் வாசிக்கும் இடத்தை மட்டும் பதிவு செய்துகொண்டு, மற்றவர்கள் வாசிக்கும்போது மெஷினை அணைத்துவிடுவாராம். அதைக்கூட என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. டிஸ்க்கும் டேப்பும் காசு. உங்களுக்கு என்ன அவசரம்?

'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஏன் எல்லாப் பட்டியலிலும் முதலில் நிற்கிறது என்றால், அது யாரையும் சங்கடப்படுத்தாது. வீட்டுக்கு வந்த சம்பந்திக்கே தைரியமாகப் போட்டுக் காட்டலாம். குரல் உயராத இசை, அதனாலேயே முதலில் கேட்கிறவனுக்கு அது சுவரில் அடித்த வெள்ளை மாதிரி கண்ணில் படாமல் போய்விடும். முதன்முதலில் அதைக் கேட்கவே கூடாது என்பது என் கட்சி. ஆனால் நான் முதலில் கேட்டது அதைத்தான். அதுவும் நான்கு வருடத்துக்கு அது ஒன்று மட்டும்தான்.

உங்கள் கடிதத்துக்கு நான் பதில் எழுத உட்கார்ந்ததே இதனால்தான். போன வாரம் அலமாரியைத் துடைக்கும்போது அந்த எல்பி இசைத்தட்டு கையில் வந்தது.

1979ல் மூர் மார்க்கெட்டில் பதினைந்து ரூபாய்க்கு வாங்கினேன். யாரோ வெளிநாட்டுக்காரர் வீட்டைக் காலி செய்தபோது போட்டுவிட்டுப் போன மூட்டையில் இருந்தது. மைல்ஸ் டேவிஸ் என்ற பெயர் மட்டும் எனக்குத் தெரியும். ராத்திரியில் ஷார்ட்வேவில் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வைத்தால் வில்லிஸ் கானவர் என்பவர், எனக்குக்கூடப் புரிகிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிதானமாக ஆங்கிலம் பேசி ஜாஸ் போடுவார். 'டேக் தி ஏ ட்ரெயின்' வந்தால் நிகழ்ச்சி ஆரம்பம். அப்புறம் கடல் இரைச்சல் மாதிரி ஒரு இரைச்சல், அதற்குள்ளே ஒரு டிரம்பெட், அவ்வளவுதான் அன்றைக்கு நமக்குக் கிடைத்த ஜாஸ்.

எல்பியைக் கொண்டுபோய்ப் போட்டது பெரியப்பா வீட்டில். அங்கேதான் பிளேயர் இருந்தது. அவர் வயலின்காரர், கச்சேரிகளில் பக்கவாத்தியம். பெரிய பெயர் இல்லை, ஆனால் காது என்றால் அது காது. நான் ஊசியை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அவர் உள்ளே இருந்து சுருதிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். சுருதி அளவை இரண்டு கட்டையில் வைத்தார். கொஞ்ச நேரம் கேட்டார். "உன் பாட்டு ரெண்டு கட்டைக்கு ஒரு நூல் தூக்கலா இருக்கே. பெட்டி வேகமா ஓடுதுடா" என்றார்.

மறுநாள் பிளேயரைத் தூக்கிக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனேன். அங்கே ஒருவர் நாற்பது ரூபாய் வாங்கிக்கொண்டு பெல்ட்டை மாற்றினார். மாற்றினாரா, துடைத்துப் போட்டாரா என்பது அவருக்கே வெளிச்சம். வீட்டுக்கு வந்து போட்டால் பெரியப்பா, "இன்னும் அப்படியேதான் இருக்கு." திரும்பவும் போனேன். "வெள்ளைக்காரன் பாட்டு அப்படித்தான் தம்பி இருக்கும்" என்று சொல்லி இன்னொரு பத்து ரூபாய் வாங்கினார். கடைசியில் நானே லேபிளில் ஒரு துண்டுத் தாளை ஒட்டி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சுற்றுகளை எண்ணினேன். முப்பத்து மூன்றே கால் சொச்சம் என்றால் மூன்று நிமிஷத்துக்குச் சரியாக நூறு சுற்று வர வேண்டும். மூன்று தடவை எண்ணினேன். மூன்று தடவையும் நூறு.

அப்புறம் ஒருநாள் பெரியப்பா தானாகவே இரண்டாவது பக்கத்தைப் போடச் சொன்னார். அது 'ஆல் ப்ளூஸ்', மூன்று மூன்றாக எண்ணுகிற திஸ்ர நடை மாதிரி ஆடிக்கொண்டு போகும். ஐந்து கட்டையில் வைத்தார். சுருதிப்பெட்டியும் ரெக்கார்டும் பாலும் தண்ணீருமாகக் கலந்துவிட்டன. அதே பெட்டி, அதே ஊசி, அதே ரெக்கார்டு. "அப்ப பெட்டி மேல தப்பில்ல. பதிவு பண்ணினவன் மேலதான் தப்பு" என்று சொல்லிவிட்டு, காதிடுக்கில் இருந்த பென்சிலை எடுத்து அட்டையின் பின்பக்கம் எழுதினார்: 'முதல் பக்கம் ஒரு நூல் மேல். மறுபக்கம் சரி.'

எனக்கு வந்த கோபத்தைப் பாருங்கள். ஒன்று, என் ஒரே எல்பியில் கிறுக்கிவிட்டார். இரண்டு, நியூயார்க்கில் கொலம்பியா கம்பெனியின் முப்பதாவது தெரு ஸ்டுடியோ, பழைய சர்ச்சை ஸ்டுடியோவாக மாற்றியது, உலகத்திலேயே நல்ல ஒலிக்கூடம் என்று பெயர் வாங்கியது, அங்கே பதிவு செய்ததை மயிலாப்பூர் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு தப்பு என்கிறார். "அவங்க என்ன உங்க சபா மைக்செட்காரனா பெரியப்பா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. சுருதிப்பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பத்தொன்பது வயதில் நமக்கு இருக்கிற திமிர் இருக்கிறதே.

அவர் 1986ல் இறந்துபோனார். தொண்ணூறுகளின் நடுவில் அமெரிக்காவில் இருந்து வந்த நண்பர் ஒருவர்தான் விஷயத்தைச் சொன்னார். அந்த ஆல்பம் 1959ல் இரண்டு நாளில் பதிவானது, மார்ச் 2, ஏப்ரல் 22. முதல் நாள் மாஸ்டர் டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடிய மெஷினில் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறத்தானே செய்யும்? அன்றைக்குப் பதிந்த மூன்று பாட்டும்தான் முதல் பக்கம். பாதுகாப்புக்காகக் கூடவே ஓடிய இன்னொரு மெஷினின் டேப் சரியாகவே இருந்தது, அதை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. 1992ல்தான் அந்த டேப்பில் இருந்து எடுத்துச் சரிசெய்த சிடியைப் போட்டார்கள். முப்பத்து மூன்று வருடம் உலகமே ஒரு நூல் தூக்கலாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

சரி, இப்போது உங்கள் ஒரிஜினல் பிரஸ்ஸிங்குக்கு வருகிறேன். இதில் எது ஒரிஜினல்? பெரும்பணம் கொடுத்து வாங்குகிற ஆரம்பகாலப் பதிப்பு தப்பான வேகத்தில் இருக்கிறது. ஐந்நூறு ரூபாய் சிடி சரியான வேகத்தில் இருக்கிறது. நான் சரிசெய்த சிடியை வாங்கினேன். போட்டேன். மைல்ஸ் தூக்கக் கலக்கத்தில் வாசிக்கிற மாதிரி இருந்தது. அன்றைக்கு அந்த அறையில் அவர்கள் வாசித்தது அதுதான், எனக்குத் தெரியும், ஆனால் நாற்பத்தைந்து வருடமாக என் காதில் உட்கார்ந்திருப்பது அந்த ஒரு நூல். எனக்குச் சரி அதுதான். இதைச் சொன்னால் சேகரிப்பாளர்கள் என்னை அடிக்க வருவார்கள். அவர்கள் கணக்கே வேறு. சாக்ஸபோன்காரர் ஆடர்லியின் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போன ஆரம்பகால அட்டை என்றால் விலை ஏறும். பெரியப்பாவின் பென்சில் எழுத்து இருந்தால் விலை இறங்கும். அச்சுக்காரன் செய்த பிழைக்கு மதிப்பு, பிழையைக் கண்டுபிடித்தவர் எழுத்துக்கு மதிப்பு இல்லை. பெங்களூரில் இருந்து வந்து பார்த்த ஒருவர் ரப்பரை வைத்து மெதுவாக அழித்துவிடலாமே என்றார். காபி கொடுத்து அனுப்பிவைத்தேன்.

'எலிங்டன் அட் நியூபோர்ட்' உங்கள் பட்டியலில் கட்டாயம் இருக்கும். 1956 ஜூலை 7, டியூக் எலிங்டன் கோஷ்டி, நடுவில் பால் கான்சால்வஸ் இருபத்தேழு சுற்று விடாமல் சாக்ஸபோன் ஊதுகிறார், கூட்டம் எழுந்து ஆடுகிறது. ஆனால் மனுஷன் கொலம்பியாவின் மைக்கை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்த வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா மைக்கில் ஊதிவிட்டார். அதனால் எல்பியில் அவர் பக்கத்துத் தெருவில் நின்று வாசிப்பது போலத்தான் கேட்கும். போதாக்குறைக்கு மற்ற பாட்டுகளில் நிறைய இடங்களை அப்புறம் ஸ்டுடியோவில் வாசித்துக் கைதட்டலை ஒட்டவைத்தார்கள். பிற்பாடு அந்த வானொலி டேப் கிடைத்து, இரண்டையும் சேர்த்து 1999ல் முழுக் கச்சேரியையும் வெளியிட்டார்கள். இதற்கு மறுபதிப்பைத்தான் வாங்க வேண்டும். அதற்குச் சொன்னது இதற்குப் பொருந்தாதே என்று கேட்காதீர்கள். பொருந்தாதுதான்.

பத்து கேட்டீர்கள். நியூபோர்ட்டைச் சேர்த்து மூன்று சொல்கிறேன்.

லூயி ஆம்ஸ்ட்ராங், 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்', 1928 ஜூன் 28, சிகாகோ. மூன்று நிமிஷம் சொச்சம். தொடக்கத்தில் துணைக்கு யாரும் இல்லாமல் டிரம்பெட் மட்டும் சில விநாடிகள் வரும், அதை மட்டும் ஒரு வாரம் கேளுங்கள். பழைய இரைச்சல் தொந்தரவாக இருக்கிறது என்றால் காதைப் பழக்குங்கள். நான் ஷார்ட்வேவில் கேட்டவன், என்னிடம் அந்தப் புகார் செல்லாது.

அடுத்து பியானோக்காரர் பில் எவன்ஸின் மூவர் கோஷ்டி, நியூயார்க் வில்லேஜ் வான்கார்ட் கிளப்பில் 1961 ஜூன் 25 ஞாயிற்றுக்கிழமை வாசித்தது. 'சண்டே அட் தி வில்லேஜ் வான்கார்ட்', 'வால்ட்ஸ் ஃபார் டெபி' என்று இரண்டு ஆல்பமாக வந்தது. கண்ணாடி டம்ளர்கள் மோதுகிற சத்தம், யாரோ பேசுகிற சத்தம் எல்லாம் கேட்கும். வந்தவர்களில் பாதிப் பேர் கவனிக்கவே இல்லை. முதல் பாட்டின் நடுவில் கரண்ட் போய் டேப் அறுபட்டதைக்கூட 2005ல் முழுத்தொகுப்பாகப் போட்டபோது அப்படியே விட்டிருக்கிறார்கள். நீங்கள் பியானோவைக் கேட்காதீர்கள், பேஸ் என்கிற தாழ்ந்த சுருதித் தந்தி வாத்தியம் வாசிக்கிற ஸ்காட் லஃபாரோவைக் கேளுங்கள். இருபத்தைந்து வயது. பக்கவாத்தியம் மாதிரியே வாசிக்க மாட்டார், பியானோ ஒரு வாக்கியம் சொன்னால் குறுக்கே புகுந்து இவர் ஒன்று சொல்வார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பதினோராம் நாள் கார் விபத்தில் போய்விட்டார். டம்ளர் மோதிக்கொண்டிருந்தவர்களுக்கு அது தெரியுமா?

டேவ் புரூபெக்கின் 'டைம் அவுட்' பற்றிச் சிலர் மூக்கைச் சுளிப்பார்கள், பொருட்படுத்தாதீர்கள். அதில் ஐந்து அட்சரத்தில் ஒரு பாட்டு வரும். மனுஷன் 1958ல் மெட்ராஸ் வந்து பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கத்தைக் கேட்டுவிட்டுப் போனவர், ஐந்து அட்சரம் அவரைப் பயமுறுத்தாது. சாக்ஸபோன்காரர் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' இப்போது வேண்டாம். அதைக் கோயிலுக்குள் போகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்கிறவர்கள் ஏற்கெனவே அதிகம்.

கரகரப்ரியாவா என்று கேட்டிருந்தீர்கள் இல்லையா, மறந்தே போனேன். ஸ்வரங்கள் அதேதான். ஆனால் ஸ்வரம் ஒன்றாக இருந்தால் ராகம் ஆகிவிடுமா? திருவாரூர்த் தேருக்கும் மாட்டுவண்டிக்கும் சக்கரம்தான். ஸ்வரத்தை அசைக்கிற கமகம் இல்லை, ராகத்தைக் காட்டுகிற பிடி இல்லை. அதுமட்டும் இல்லை. பால் சேம்பர்ஸ் பேஸில் ஒரு கேள்வி கேட்பார், மற்றவர்கள் இரண்டே ஸ்வரத்தில் பதில் சொல்வார்கள். அப்படியே பதினாறு பார் (நம் ஆவர்த்தனம் மாதிரி ஒரு தாள அளவு) போனதும் மொத்தக் கோஷ்டியும் இரண்டரைக் கட்டைக்கு ஏறிவிடும். பெரியப்பா இதை முதல் தடவை கேட்டபோது சுருதிப்பெட்டியைச் சட்டென்று மூடிவிட்டு, "டேய், இவன் சுருதியையே மாத்திட்டான்டா" என்றார். எட்டு பார் கழித்துப் பழைய இடத்துக்கு இறங்கியதும், "வந்துட்டான்" என்றார். பிறகு ஊசியைத் தூக்கி மறுபடி முதலில் இருந்து வைக்கச் சொன்னார். அன்றைக்கு ஆறு தடவையாவது வைத்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் அந்த இடம் வரும்போது, வரப்போகிறது என்று தெரிந்தே, விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுக் காத்திருப்பார்.