லேபிளைப் பிடித்துக்கொண்டு போனவர்கள்

வணக்கம் சார்,

கோவையில் சட்டக் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறேன். அப்பா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லர். வெளிநாட்டு பிராண்டுகளுக்குத் துணி தைக்கும் இடங்களில் நடக்கும் உரிமை மீறல்களுக்காகக் கேஸ் நடத்தும் வக்கீல்களோடு சேர ஆசை. என் சீனியர் சிரிக்கிறார். "அது வெள்ளைக்காரன் கம்பெனிக்கு வெள்ளையடிக்கிற வேலை. ரிப்போர்ட் எழுதுவாய், கான்பரன்ஸுக்குப் போவாய், ஒரு கேஸும் ஜெயிக்க மாட்டாய்" என்கிறார். உண்மையா?

ம., கோவை

அன்புள்ள ம.,

சீனியர் சொன்னதில் பாதி உண்மை. வெள்ளையடிக்கும் வேலையை நானே செய்திருக்கிறேன்.

இளவயதில் இரண்டு வருடம் திருப்பூரில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனி ஆபீஸில் கணக்கு எழுதினேன். துணி வாங்கும் பிராண்டின் (பையர்) ஆள் ஆலையைச் சோதிக்க, அதாவது ஆடிட்டுக்கு, வருகிறார் என்றால் முதல் நாளே தெரிந்துவிடும். பின்வாசலை அடைத்துக் கிடந்த அட்டைப்பெட்டிகள் ராவோடு ராவாக லாரி ஏறும். கைமடிக்கும் சின்னப் பெண்களுக்கு அன்றைக்கு லீவு. ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவர்கள் ஒரு ஷிப்ட் என்று சொல்லப் பழகுவார்கள். வருகைப் பதிவேடு இரண்டு இருக்கும். ஆடிட்டருக்குக் காட்டும் பதிவேடு என் கையெழுத்தில்தான் இருந்தது. அவர் புரட்டிப் பார்த்துவிட்டு 'வெரி நீட்' என்றார்.

கராச்சியில் அலி என்டர்பிரைசஸ் என்ற ஆலைக்கும் இப்படித்தான் ஒரு சான்றிதழ் கிடைத்தது. பாதுகாப்பு, தொழிலாளர் நலம் எல்லாம் சரி என்று இத்தாலிய நிறுவனம் ஒன்று கொடுத்தது. சில வாரங்களில், 2012 செப்டம்பர் 11 அன்று, ஆலை எரிந்தது. ஜன்னல்களில் கம்பி, வெளியேற வழியில்லை. 250 பேருக்கு மேல் செத்தார்கள். தீ வைத்தது மாமூல் கேட்ட கும்பல் என்று 2020இல் கராச்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரி, வைத்தது யாராகவும் இருக்கட்டும். ஜன்னலுக்குக் கம்பி போட்டது அந்தக் கும்பல் இல்லையே.

இடிபாடுகளுக்குள் ஜீன்ஸ் லேபிள்கள் கிடைத்தன. ஜெர்மனியின் மலிவு விலைத் துணிக்கடைச் சங்கிலியான கிக் நிறுவனத்தின் லேபிள்கள். ஆலையின் உற்பத்தியில் பெரும்பகுதியை வாங்கிக்கொண்டிருந்தது அந்த நிறுவனம்தான். பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் சங்கமாகச் சேர்ந்தார்கள். பெர்லினில் உள்ள ஈசிசிஎச்ஆர் என்ற மனித உரிமைச் சட்ட அமைப்பின் வக்கீல்கள் துணைக்கு வந்தார்கள். இவ்வளவு பெரிய பையருக்கு அந்தக் கட்டடத்தின் மீது ஒரு பொறுப்பும் இல்லையா என்று 2015இல் நான்கு பேர் டார்ட்மண்ட் நீதிமன்றத்தில் கேட்டார்கள். ஆளுக்கு 30,000 யூரோ கேட்டார்கள். நீதிமன்றம் வழக்கை விசாரிக்க ஒத்துக்கொண்டு, சட்டச் செலவுக்கு உதவியும் கொடுத்தது.

இனிமேல் நடந்ததுதான் உங்களைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டியது. ஐரோப்பிய விதிப்படி, பாதிப்பு எந்த நாட்டில் நடந்ததோ அந்த நாட்டுச் சட்டம்தான் பொருந்தும். அதனால் ஜெர்மன் நீதிபதி பாகிஸ்தான் சட்டத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. எத்தனை காலத்துக்குள் கேஸ் போட வேண்டும் என்று கெடு வைக்கும், பிரிட்டிஷ் இந்தியாவில் 1908இல் போட்ட காலவரையறைச் சட்டம் அங்கே இன்னும் நடப்பில் இருக்கிறது. கெடு தாண்டிவிட்டது என்று 2019 ஜனவரியில் வழக்கைத் தள்ளிவிட்டார்கள். பையருக்குப் பொறுப்பு உண்டா என்ற கேள்வியை யாரும் தொடவே இல்லை. நம் தாத்தா காலத்துச் சட்டம் ஒன்று டார்ட்மண்ட் வரை போய்க் கதவைச் சாத்தியதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆறவில்லை.

தோற்ற கேஸ்தான். ஆனால் அது நடந்துகொண்டிருந்தபோதே, 2016இல், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முன்னிலையில் கிக் 51.5 லட்சம் டாலர் தர ஒத்துக்கொண்டது. கேஸ் இல்லாமல் அந்தப் பணம் அசைந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. உங்கள் சீனியர் வெற்றி தோல்விக் கணக்கில் இதை எந்தப் பக்கம் எழுதுவார்?

எனக்குப் பெரிய சட்டங்களைவிட ஒப்பந்தம் எழுதுகிற வக்கீல்கள் மேல்தான் மரியாதை அதிகம். தங்களுக்குச் சரக்கு தரும் ஆலைகளில் உரிமை மீறல் நடக்காமல் பெரிய கம்பெனிகள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பிரான்ஸ் 2017இல் சட்டம் போட்டது. ஜெர்மனி போட்டது 2023இல் நடப்புக்கு வந்தது, ஆனால் அதை மீறினால் நஷ்டஈடு கேட்கும் புது உரிமை எதையும் அது தரவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்ததை அடுத்த வருடமே இளைக்க வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். அதை விடுங்கள். 2013இல் வங்கதேசத்தில் ராணா பிளாசா இடிந்து 1,134 பேர் செத்த பிறகு, தொழிற்சங்கங்களும் பிராண்டுகளும் ஓர் ஒப்பந்தம் போட்டன. பேச்சு மீறினால் பஞ்சாயத்துக்கு இழுக்கலாம் என்று அதில் ஒரு பிரிவு இருந்தது. அந்த ஒரு பிரிவை வைத்து இரண்டு பிராண்டுகளைத் தொழிற்சங்கங்கள் ஹேக் நகரத்து நிரந்தர நடுவர் மன்றத்துக்கே இழுத்தன. அதில் ஒன்று 2018இல் 23 லட்சம் டாலர் தர ஒத்துக்கொண்டது. பெயரை மட்டும் வெளியில் சொல்லக் கூடாதாம்.

ஹேக் தூரம் என்றால் திண்டுக்கல் இருக்கிறது. 2021இல் அங்கே ஒரு ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொலை செய்யப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் அவருடைய சூப்பர்வைசர். அடுத்த வருடம் அந்த ஆலையை நடத்தும் ஈஸ்ட்மேன் நிறுவனமும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் தொழிலாளர் சங்கமும் ஒப்பந்தம் போட்டன. பெண்களே நடத்தும் சங்கம் அது. எச்&எம் முதலான பிராண்டுகளும் தனியாகக் கையெழுத்துப் போட்டன. பாலியல் தொல்லையைத் தடுக்க, மெஷின் வரிசையில் உட்கார்ந்து வேலை செய்யும் பெண்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைச் சங்கம் தேர்ந்தெடுக்கும் என்று அதில் எழுதினார்கள். முதல் நாளே சொல்லிவிட்டு வந்து டீ குடித்துப் போகிறவர்கள் இல்லை, தினமும் பக்கத்து மெஷினில் இருப்பவர்கள். பாகிஸ்தான் சட்டம், ஜெர்மன் கோர்ட் என்று அலைய வேண்டாம். ஆலை பேச்சை மீறினால் ஆர்டரில் கைவைக்கலாம் என்று காகிதத்திலேயே எழுதிவிட்டார்கள்.

சேருங்கள். ஆனால் இங்கிலீஷ் ரிப்போர்ட்டுகளைத் திறப்பதற்கு முன் காலவரையறைச் சட்டத்தை மனப்பாடமாகப் படியுங்கள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆடிட் அன்றைக்கு கம்பெனியில் என்னவெல்லாம் நடக்கும் என்று அப்பாவிடம் கேளுங்கள். நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள், மதியச் சாப்பாட்டுக்குள் முடியாது.