எச்டிஎல் நன்றாக இருந்தும் மாரடைப்பு வருமா? அதில் இருக்கும் நொதிகள் என்னதான் செய்கின்றன?

வரும். எங்கள் வீட்டிலேயே வந்தது. அதனால்தான் இந்தக் கேள்வியைக் கடந்துபோக முடியவில்லை.

நான் மொரிசியஸில், ரோஸ்ஹில் பக்கம், தமிழ் வாத்தியார். என் அண்ணனுக்கு இரத்தப் பரிசோதனையில் நல்ல கொழுப்பு, அதாவது எச்டிஎல், லிட்டருக்கு 1.5 மில்லிமோல் என்று வந்தது. ஆண்களுக்கு 1.0-க்கு மேல் இருந்தாலே சரி என்பார்கள். அண்ணன் அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். அண்ணி சிகரெட் பேச்சை எடுத்தால் போதும், தாள் வெளியே வரும். "எனக்கு நல்லது நிறைய இருக்கு, நீயே பார்" என்பார். அதே தாளில் கெட்ட கொழுப்பு, அதாவது எல்டிஎல், 3.9 என்று கூடுதலாக இருந்ததையும், சர்க்கரை ஏறிக் கிடந்ததையும் வீட்டில் யாரும் கண்டுகொள்ளவில்லை. படித்தவன் நான், நானும் கண்டுகொள்ளவில்லை. பரிசோதனை செய்து எட்டாவது மாதம், தைப்பூசக் காவடிக்கு நான்கு நாள் இருக்கும்போது, மாரடைப்பு. பிழைத்துக்கொண்டார்.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன்.

கொழுப்பு இரத்தக் குழாயை அடைக்கிறது என்று சொல்லிச் சொல்லி, ஏதோ கழிவுநீர்க் குழாயில் பிசுக்குப் படிவது மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறோம். நடப்பது வேறு. எல்டிஎல் துகள் குழாயின் உள்தோலைத் தாண்டிச் சுவருக்குள் நுழைந்து மாட்டிக்கொள்கிறது. மாட்டிய இடத்தில் ஆக்ஸிஜன் பட்டுக் கெடுகிறது. காத்தோ பிமான், அதாவது நம் பருப்பு வடை, சுட்ட எண்ணெயைச் சட்டியிலேயே பல நாள் திறந்து வைத்துவிட்டு முகர்ந்து பாருங்கள். மூக்கில் ஏறும் அந்தக் காறல் வாடை எப்படி வந்ததோ, கிட்டத்தட்ட அதே வேதிவினைதான் சுவருக்குள்ளும் நடக்கிறது. கெட்டுப்போன எல்டிஎல்லைத் தேடி வெள்ளணுக்கள் உள்ளே வருகின்றன. போதும் என்று நிறுத்தத் தெரியாமல் அதை விழுங்குகின்றன. நுரை மாதிரி உப்பி அங்கேயே தங்கிவிடுகின்றன. கொழுப்புத் திட்டு இப்படித்தான் தொடங்குகிறது.

எச்டிஎல் கொழுப்பைக் கல்லீரலுக்குத் திருப்பிச் சுமந்து போகும் என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் எல்டிஎல்லைக் காறவிடாமல் பார்ப்பதும் அதன் வேலை. அதைச் செய்வதில் பெரிய பங்கு அதன் மேல் ஒட்டிக்கொண்டு வரும் நொதிகளுடையது. முக்கியமானது பாராக்ஸோனேஸ்-1, சுருக்கமாக பான்-1. கல்லீரலில் உருவாகும், கால்சியம் இல்லாமல் வேலை செய்யாது. பாராதயான் என்ற பூச்சிமருந்து உடலுக்குள் போனால் பாராக்ஸான் என்ற கொடிய நஞ்சாகும். அந்த நஞ்சை உடைக்கும் நொதி என்பதால்தான் இந்தப் பெயர். பூச்சிமருந்து ஆய்விலிருந்து பெயர் வாங்கிய நொதி இதயத்துக்குக் காவலாக நிற்பதை முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

1991-ல் மான்செஸ்டர் ஆய்வாளர்கள், இந்த நொதி எல்டிஎல்லில் கெட்டுப்போன கொழுப்பு சேராமல் தடுப்பதைச் சோதனைக் குழாயில் காட்டினார்கள். 1998-ல் பான்-1 மரபணுவே இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். அந்த எலிகளின் எச்டிஎல்லால் எல்டிஎல் கெடுவதைத் தடுக்க முடியவில்லை. கொழுப்புத் தீனி கொடுத்தபோது, சாதாரண எலிகளைவிட அவற்றின் குழாய்களில் திட்டு அதிகமாக வந்தது. எச்டிஎல்லில் எல்கேட் போன்ற வேறு நொதிகளும் உண்டு, அவற்றுக்கும் இதில் பங்கு இருப்பதாகச் சொல்கிறார்கள். ஆனால் ஆதாரம் வலுவாக இருப்பது பான்-1 பக்கம்தான்.

இப்போது அண்ணனின் தாளுக்கு வருவோம். அதில் இருந்த 1.5 என்பது எச்டிஎல்லில் எவ்வளவு கொலஸ்டிரால் இருக்கிறது என்ற கணக்கு மட்டும். காவடித் திருவிழாவுக்குக் கோவிலில் தொண்டர் பட்டியல் போடுவோம். ஐம்பது பேர் பெயர் இருக்கும். உச்சி வெயிலில் காவடிக்காரர் காலில் தண்ணீர் ஊற்ற நிற்பவர் எத்தனை பேர் என்பதைப் பட்டியல் சொல்லாது. புகை பிடிப்பவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் பான்-1 செயல்பாடு குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. உடலில் அழற்சி கூடினால், எச்டிஎல்லில் அமிலாய்டு-ஏ என்ற வேறொரு புரதம் வந்து ஏறிக்கொள்ளும், பான்-1 குறையும். எண்ணிக்கை அப்படியே இருந்தாலும் காவல் தளர்ந்திருக்கலாம். வழக்கமான இரத்தப் பரிசோதனையில் பான்-1 அளவு வராது.

எச்டிஎல் எண்ணிக்கையை மட்டும் ஏற்றினால் போதாது என்பதற்குப் பெரிய சாட்சி 2006-ல் கிடைத்தது. டார்செட்ராபிப் என்ற மருந்து எச்டிஎல்லை 72 சதவீதம் உயர்த்தியது. ஆனால் அதைச் சாப்பிட்டவர்களில் மரணம் கூடியதால், சுமார் 15,000 பேர் இருந்த சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். அந்த மருந்து இரத்த அழுத்தத்தையும் ஏற்றியது என்பதையும் சொல்லியாக வேண்டும். பின்னால் வந்த நயாசின் என்ற மருந்தின் சோதனைகளிலும், எல்டிஎல்லைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்து எச்டிஎல்லை ஏற்றியும் மாரடைப்பு குறையவில்லை.

மாதுளைச் சாறு பான்-1 செயல்பாட்டைக் கூட்டும் என்று சிறிய ஆய்வுகள் உண்டு. பழமாகச் சாப்பிடுங்கள், நல்லதுதான். அதை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள், தயவுசெய்து. புகையை விட்டவர்களிடம் இந்த நொதியின் செயல்பாடு மறுபடி ஏறுவதும் பார்க்கப்பட்டிருக்கிறது. என் கணக்கில் மாதுளையைவிட அது பெரிய சேதி.

காறுவதற்குச் சுவருக்குள் எல்டிஎல்லே குறைவாகப் போனால் காவலின் சுமையும் குறையும். எங்கள் தீவே இதற்கு உதாரணம். 1987-ல் அரசு ரேஷன் எண்ணெயைப் பெரும்பாலும் பாமாயிலாக இருந்ததிலிருந்து சோயா எண்ணெய்க்கு மாற்றியது. 1992-ல் மறுபடி அளந்தபோது மக்களின் சராசரி கொலஸ்டிரால் 5.5-லிருந்து 4.7-க்கு இறங்கியிருந்தது. வேறு பிரச்சாரங்களும் கூடவே நடந்தன, ஆனால் எண்ணெய்க்குப் பெரிய பங்கு உண்டு. எங்கள் அம்மா அந்த எண்ணெயில்தான் எங்களுக்குச் சமைத்துப் போட்டார்.

ஆகவே உங்கள் தாளில் எச்டிஎல் நன்றாக இருந்தால் சந்தோஷப்படுங்கள். ஆனால் மருத்துவரிடம் எல்டிஎல், மூன்று மாதச் சர்க்கரை, இரத்த அழுத்தம் மூன்றையும் கேட்காமல் எழுந்து வராதீர்கள்.

அண்ணன் சிகரெட்டைத் தொட்டுப் பதினான்கு மாதம் ஆகிறது. ஸ்டாட்டின் தினமும் இரவு, அண்ணி கையால். போன மாதத் தாளில் எல்டிஎல் 1.6. எச்டிஎல் அதே 1.5.