கரண்ட் போன நேரத்தில் அலாரம் வருமா?

கேள்வி: மருந்து மொத்த வியாபாரம் செய்கிறேன். இன்சுலின், தடுப்பூசி வைப்பதற்கென்று இரண்டு பெரிய ஃபிரிட்ஜ் இருக்கின்றன. கடைப் பையன் காலையும் மாலையும் தெர்மாமீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதுகிறான். 'ஐஓடி கருவி மாட்டுங்கள், எல்லாம் போனிலேயே தெரியும்' என்று ஒரு கம்பெனிக்காரர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கருவிக்குத் தனி விலை, அதற்கு மேல் வருடச் சந்தா. ஐஓடி என்பது என்ன? எனக்கு அது தேவையா?

பதில்: தேவை என்றுதான் சொல்வேன். ஆனால் அவர் காட்டிய கருவிதானா என்பதைச் சோதித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஐஓடி என்றால் 'இன்டர்நெட் ஆஃப் திங்ஸ்', அதாவது இணையத்தில் இணைந்த பொருள்கள். உங்கள் விஷயத்தில் அது இவ்வளவுதான்: ஃபிரிட்ஜுக்குள் ஒரு வெப்பநிலை சென்சார், அது அளப்பதை வைஃபை அல்லது சிம் வழியாக அனுப்பும் சின்னப் பெட்டி, அதை வாங்கிச் சேமிக்கும் கம்பெனியின் சர்வர், அளவு எல்லை தாண்டினால் உங்களை எழுப்பும் போன். கெவின் ஆஷ்டன் என்ற பிரிட்டிஷ் தொழில்நுட்பக்காரர் 1999-இல் இந்தப் பெயரைப் புழக்கத்தில் விட்டார். அதற்கு முன்பே, 1982 வாக்கில், அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் குளிர்பான இயந்திரம் ஒன்றைக் கணினி வலையில் இணைத்து, பாட்டில் இருக்கிறதா, குளிர்ந்துவிட்டதா என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தார்கள்.

இன்சுலினும் பெரும்பாலான தடுப்பூசிகளும் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். காலையில் 5, மாலையில் 5 என்று நோட்டில் இருக்கும். நடுராத்திரி 14 வரை ஏறி இறங்கியதை அந்த நோட்டு சொல்லாது. சூட்டை எல்லோரும் கவனிக்கிறார்கள், உறைவதைத்தான் கோட்டை விடுகிறார்கள். ஒரு தடவை உறைந்த இன்சுலினைப் பயன்படுத்தவே கூடாது. டெட்டனஸ், ஹெபடைடிஸ் பி போன்ற தடுப்பூசிகளும் உறைந்தால் வீரியம் இழக்கும். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாமலே போகலாம். அதை வாங்கிப் போட்டுக்கொள்கிறவருக்கு எந்த வழியிலும் தெரியப்போவதில்லை. அதனால்தான் இந்தச் செலவு வேண்டாம் என்று எனக்குச் சொல்ல மனம் வரவில்லை.

சரி, சோதனைக்கு வருவோம். விற்பனையாளரைக் கடைக்கே வரச் சொல்லுங்கள். கருவி ஓடிக்கொண்டிருக்கும்போது மெயின் சுவிட்சை அணையுங்கள். கரண்ட் போன நேரத்தில் மருந்து கெட்டுப்போகலாம். அதே நேரத்தில் உங்கள் வைஃபை ரவுட்டரும் அணைந்துவிடும். பெட்டிக்குள் பேட்டரி இருந்தாலும் ரவுட்டர் செத்துவிட்டால் செய்தி வெளியே போகாது. நல்ல கருவி என்றால் அளவுகளைத் தனக்குள் சேமித்து வைத்து, கரண்ட் வந்ததும் அனுப்பும். பதிவுக்கு அது போதும், மருந்தைக் காப்பாற்ற உதவாது. ஆகவே சிம் உள்ள மாடல் கேளுங்கள், அல்லது ரவுட்டரை இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள். இன்னொன்றையும் கட்டாயம் கேளுங்கள்: பெட்டியிடமிருந்து பத்து நிமிடம் தகவலே வரவில்லை என்றால், அதையே ஆபத்தாக எடுத்துக்கொண்டு சர்வர் உங்களை எச்சரிக்குமா? பேட்டரி தீர்ந்தாலும், சிம் ரீசார்ஜ் முடிந்தாலும் உங்களுக்குத் தெரிய அது ஒன்றுதான் வழி.

எச்சரிக்கை ஆப்பில் மட்டும் வந்தால் தூக்கத்தில் யார் பார்ப்பார்கள்? போன் கால் வர வேண்டும். நீங்கள் எடுக்காவிட்டால் அடுத்தவருக்குப் போக வேண்டும். அந்த அடுத்தவரிடம் கடைச் சாவியும் இருக்க வேண்டும்.

சென்சாரை எங்கே வைப்பது என்பதில் பலர் ஏமாறுகிறார்கள். கதவைத் திறந்ததும் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சூடாகும். மருந்து அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. சென்சார் வெறும் காற்றை அளந்தால் நாள் முழுக்கப் பொய் அலாரம் அடிக்கும், ஒரு வாரத்தில் பையன் அதை அணைத்து வைத்துவிடுவான். கிளைக்கால் என்ற திரவம் நிரப்பிய சின்னக் குப்பிக்குள் சென்சார் முனை இருக்கும் வகையை வாங்குங்கள். கதவுப் பக்கமோ, குளிர்காற்று நேராக அடிக்கும் இடத்திலோ வைக்காமல் நடுத்தட்டில், மருந்துக்குப் பக்கத்தில் வையுங்கள். ஃபிரிட்ஜின் இரும்பு உடம்பு சிக்னலை மறைக்கும். அனுப்பும் பெட்டி வெளியே, வயர் மட்டும் உள்ளே இருப்பது நல்லது. என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் காலிபரேஷன் சான்றிதழையும், அதாவது சென்சார் சரியாக அளக்கிறது என்பதற்கான சான்றிதழையும், கேட்டு வாங்குங்கள்.

சந்தா பற்றி: 2022 ஏப்ரலில் வீட்டு விளக்கு, சுவிட்சுகளைப் போனில் இயக்கும் கருவிகளை விற்ற அமெரிக்காவின் இன்ஸ்டியான் கம்பெனி திடீரென்று சர்வரை நிறுத்தியது; வாங்கியவர்கள் வீட்டில் கருவி இருந்தும் ஆப் வேலை செய்யவில்லை. கூகுளே, இப்படிப்பட்ட கருவிகளைத் தன் சர்வரோடு இணைக்கும் ஐஓடி கோர் சேவையை 2023 ஆகஸ்டில் மூடியது, ஒரு வருட அவகாசம் கொடுத்து. எனவே சந்தா நின்றாலும் பெட்டியின் திரையில் வெப்பநிலை தெரியுமா, பழைய பதிவுகளை எக்செல்லில் இறக்கிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். கருவியோடு வரும் பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றிவிடுங்கள். 2016-இல் மிராய் என்ற வைரஸ் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது, யாரும் மாற்றாமல் விட்ட பாஸ்வேர்டுகளை வைத்துத்தான்.

கேள்வி: நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை. நான்கு ஷெட்டுகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன. ஒவ்வொரு ஷெட்டுக்கும் தனி சிம் போட வேண்டுமா?

பதில்: வேண்டாம். லோரா என்ற ரேடியோ முறையைக் கேளுங்கள். இந்தியாவில் 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையில், லைசென்ஸ் இல்லாமலே பயன்படுத்தலாம். திறந்தவெளியில் சில கிலோமீட்டர் வரை எட்டும், பேட்டரியும் நீண்ட நாள் உழைக்கும். நான்கு ஷெட்டுக்கும் சேர்த்து ஒரு கேட்வே (எல்லா சென்சார்களின் தகவலையும் வாங்கி இணையத்துக்கு அனுப்பும் பெட்டி), ஒரு இணைய இணைப்பு போதும். வெப்பநிலை, ஈரப்பதம், தண்ணீர் அளவு மாதிரி சின்னத் தகவல்கள் மட்டுமே அதில் போகும், வீடியோ போகாது. அமோனியா சென்சாரும் சேர்த்துக் கொடுத்தால், அது தேய்ந்துபோகும் பொருள் என்பதை மறக்காதீர்கள். மாற்று சென்சாரின் விலையை இப்போதே எழுதி வாங்குங்கள்.

கேள்வி: கடைக்கு வாங்கிய கருவி பழுதானால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

பதில்: அது உங்கள் தொழிலைப் பொறுத்தது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வணிக நோக்கத்துக்காக வாங்குகிறவர் நுகர்வோர் ஆக மாட்டார். சுயதொழில் செய்து, அதை மட்டுமே பிழைப்பாக வைத்திருப்பவருக்கு விலக்கு உண்டு. ஆட்கள் வைத்து நடத்தும் பெரிய வியாபாரம் என்றால் எதிர்த்தரப்பு முதலில் இதைத்தான் கிளப்பும். இதில் சந்தேகம் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கேளுங்கள். வாங்கும்போதே ஜிஎஸ்டி பில், வாரண்டி காலம், பழுதானால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார் என்பது, இவை மூன்றும் கம்பெனியின் முத்திரையோடு காகிதத்தில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் சொன்ன வாக்குறுதிகளையும் அழிக்காமல் வைத்திருங்கள்.