புதிய றொக் குழுக்கள், பெரிய சந்தைக்கு வெளியே இயங்கிய பழைய அண்டர்கிரவுண்ட் குழுக்களை அப்படியே நகலெடுக்க, இசைப் பத்திரிகைகள் அவர்களைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவது ஏன்?

நகலெடுக்கிறார்கள் என்பது உண்மைதான். யாரை நகலெடுக்கிறார்கள் என்று பத்திரிகைகள் சொல்லும் கதையைத்தான் நான் எளிதில் நம்புவதில்லை. கேள்வி கேட்டவர், 2000களின் தொடக்கத்தில் எழுந்த ஸ்ட்ரோக்ஸ், இன்டர்போல், பிரான்ஸ் ஃபெர்டினாண்ட் ஆகிய மூன்று குழுக்களைப் பெயர் சொல்லிக் கேட்டிருப்பதால் அவர்களை வைத்தே பதில் சொல்கிறேன்.

2001இல் ஸ்ட்ரோக்ஸின் முதல் அல்பம் வெளிவந்தபோது, நியூயோர்க்கின் பழைய குழுக்களான வெல்வெட் அண்டர்கிரவுண்டும் டெலிவிஷனும் மறுபிறவி எடுத்துவிட்டதைப் போலப் பிரித்தானிய இசை இதழ்கள் எழுதித் தள்ளின. ஆனால் அந்த அல்பத்தில் பலரும் அறிந்த ‘லாஸ்ட் நைட்’ பாடலின் தொடக்கக் கிட்டார் வந்த இடம், அமெரிக்கப் பாடகர் டொம் பெட்டி 1976இல் வெளியிட்ட ‘அமெரிக்கன் கேர்ள்’ என்ற, அமெரிக்க வானொலிகளில் சலிக்கச் சலிக்க ஒலித்த பாடல். குழுவினரே அதை ஒப்புக்கொண்டார்கள். பெட்டியும் வழக்குப் போடாமல் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். வானொலிப் பாட்டைச் சொன்னால் கௌரவம் இல்லை, யாரும் வாங்காத பழைய இசைத்தட்டைச் சொன்னால் எழுதியவருக்கும் சேர்த்துப் பெருமை என்பதே இதில் நடந்தது என்று நினைக்கிறேன்.

இன்டர்போலின் கதை வேறு. என் அக்காவின் மகன் மட்டக்களப்பில் ஒரு சிறிய குழுவில், கீழ் சுரங்களுக்கான பேஸ் கிட்டார் வாசிக்கிறான். கலியாண வீடுகளில் பைலாவும் சினிமாப் பாட்டும் வாசித்துக் காசு சேர்த்துக்கொண்டு, ஒத்திகையில் மட்டும் தங்களுக்குப் பிடித்த றொக்கை வாசிக்கும் பிள்ளைகள். இன்டர்போலின் 2002ஆம் ஆண்டு அல்பத்தில் உள்ள பேஸ் வாசிப்பில் அவன் மயங்கிக் கிடந்த நாட்களில், ஜோய் டிவிஷன் என்ற பழைய இங்கிலாந்துக் குழு 1979இல் வெளியிட்ட ‘அன்நோன் பிளெஷர்ஸ்’ அல்பத்தை அவனுக்குப் போட்டுக் காட்டினேன். “மாமா, அப்ப இவங்கட பேஸ் இவங்கட இல்லையா?” என்று கேட்டான். அந்தப் பழைய பேஸ் ஏன் கிட்டாரைப் போல மேல் சுரங்களில் பாடுகிறது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதை வாசித்த பீட்டர் ஹுக், தன்னுடைய அம்பிளிபயர் தரமில்லாததாலும் பக்கத்தில் கிட்டார் உரத்து ஒலித்ததாலும், கீழ் சுரங்களில் வாசித்தபோது தன் வாசிப்புத் தனக்கே கேட்கவில்லை என்றும், அதனால்தான் மேலே ஏறியதாகவும் பிற்பாடு சொல்லியிருக்கிறார். இல்லாமையில் பிறந்த ஒலி அது. அதே ஒலியை நல்ல கருவிகளோடு வேண்டுமென்றே தேடிப் போகும்போது அது ஒரு பாணியாகிவிடுகிறது. இன்டர்போலை நான் இன்றும் விரும்பிக் கேட்கிறேன். ஆனால் அந்த நெருக்கடியை அவர்களிடம் கேட்க முடியாது.

எங்கள் பக்கத்தில் ஒருவரைப் பார்த்து அப்படியே செய்வதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. வடமோடி என்ற நாட்டுக்கூத்துப் பழகுகிற பொடியன், கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியாரின் மத்தள அடிக்குக் காலை வைத்து, அவர் ஆடிக் காட்டியதையே திரும்பத் திரும்ப ஆடித்தான் அரங்கேற்றத்துக்கு வருகிறான். ஆடுகளமான களரியைச் சுற்றி இருக்கும் பெரியவர்கள் அவன் எந்த அண்ணாவியாரிடம் பழகினான் என்பதை ஆட்டத்திலேயே கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார்கள். அவனும் அதை மறைக்க மாட்டான். றொக்கில் யாரிடம் பழகினார்கள் என்ற இந்த வழி தெரியாமல் போவதுதான் எனக்கு இடிக்கிறது.

பிரான்ஸ் ஃபெர்டினாண்டின் முதல் அல்பம் 2004இல் பிரித்தானியாவின் மெர்க்குரி இசை விருது பெற்றது. அவர்களுடைய வெட்டி வெட்டி வரும் கிட்டாருக்கும் ஆட்டம் போடவைக்கும் தாளத்துக்கும் முன்னோடியாக எல்லோரும் சொன்னது, லீட்ஸ் நகரத்தின் காங் ஒஃப் ஃபோர் குழுவை. 1979இல் வந்த அவர்களுடைய முதல் அல்பம், நுகர்வையும் வேலையையும் காதலையும்கூட அரசியலாகப் பார்த்துச் சண்டை பிடித்தது. புதியவர்கள் தாளத்தை எடுத்துக்கொண்டு சண்டையை விட்டுவிட்டார்கள். அவர்களுக்கு முன், 1990களின் நடுவில், எலாஸ்டிகா என்ற குழு வயர் குழுவின் 1977ஆம் ஆண்டுப் பாட்டொன்றின் கிட்டார் வரியை ஏறக்குறைய அப்படியே எடுத்து, கடைசியில் நீதிமன்றத்துக்கு வெளியே பணம் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது.

பத்திரிகைகளை முழுதாகக் குற்றம் சொல்லவும் முடியாது. 1952இல் தொடங்கிய பிரித்தானியாவின் நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ் போன்ற வார இதழுக்கு ஒவ்வொரு வாரமும் அட்டைக்கு ஒரு புதிய முகம் வேண்டியிருந்தது. கேட்டுப் பார்க்க வழியில்லாத வாசகனுக்கு ஒரு குழுவின் ஒலியைச் சொல்ல, தெரிந்த இன்னொரு குழுவின் பெயரைச் சொல்வதைவிடச் சுருக்கமான வழியும் அந்நாளில் இருக்கவில்லை. அந்த இதழ் 2015இல் இலவசமாகி, 2018 மார்ச்சில் வாராந்த அச்சை நிறுத்திக்கொண்டது. இன்று பழைய பாட்டும் புதிய பாட்டும் ஒரே யூடியூப்பில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும்போது, ஒப்பிட்டுச் சொல்லும் விமர்சகரின் அந்த வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது. மிகைப்படுத்தல் மட்டும் தங்கிவிட்டது.

ஆகவே ஒரு குழு யாரைப் போல ஒலிக்கிறது என்று நான் முதலில் பார்ப்பதில்லை. வாங்கிய கடனை எப்படிச் சொல்கிறார்கள் என்றுதான் பார்க்கிறேன். உலகமே பார்த்துக்கொண்டிருந்த நிர்வாணா குழு 1993 நவம்பரில் எம்டிவி இசைத் தொலைக்காட்சிக்காக அமர்ந்து வாசித்தபோது, மீட் பப்பட்ஸ் என்ற பழைய அண்டர்கிரவுண்ட் குழுவின் கேர்க்வுட் சகோதரர்கள் இருவரையும் மேடைக்கு அழைத்து, அவர்களுடைய பாடல்களில் மூன்றை அவர்களோடு சேர்ந்தே வாசித்தது. அடுத்த ஆண்டு வெளிவந்த மீட் பப்பட்ஸின் அல்பம் அமெரிக்காவில் விற்பனைக்கான தங்கத்தட்டுச் சான்று பெற்றது.