செத்துச் செத்து விளையாடுவதில் அப்படி என்ன சுகம்?

கேள்வி: என் தம்பி ராத்திரி இரண்டு மணி வரைக்கும் வீடியோ கேமில் ஒரே பாஸிடம் (வழிமறித்து நிற்கும் பெரிய எதிரி) தோற்றுத் தோற்று, கன்ட்ரோலரைக் கட்டிலில் வீசிவிட்டுப் படுக்கிறான். விடிந்ததும் மறுபடி அதே பாஸ். காசு கொடுத்து வாங்கி இப்படி ஏன் அவமானப்பட வேண்டும்?

உங்கள் தம்பி இருக்கும் இடத்தில் நானும் ஐந்து வாரம் இருந்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் அவன் பக்கம்தான் பேசுவேன்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் வீடு. கீழே அப்பாவின் கொலுசுப் பட்டறை, மாடியில் குடித்தனம். நான் மாட்டிக்கொண்டது செகிரோவிடம். ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் உருவாக்கி, 2019 மார்ச்சில் வெளிவந்த கேம். அந்த வருடம் தி கேம் அவார்ட்ஸில் ஆண்டின் சிறந்த கேம் விருது இதற்குத்தான். ‘ஈஸி’ என்று தேர்ந்தெடுத்துத் தப்பிக்க இதில் வழியே கிடையாது.

கடைசி பாஸ் இஷின், வாள்வித்தையில் கரைகண்டவர். அவரைத் தொடுவதற்கு முன்னால் வளர்ப்புப் பேரன் கெனிசிரோவை வீழ்த்த வேண்டும். அப்புறம் இஷினே மூன்று சுற்று வருவார். முதலில் வாள், அடுத்து ஈட்டியும் துப்பாக்கியும், கடைசியில் மின்னல். மூன்றாம் சுற்றில் செத்தாலும் மறுபடி கெனிசிரோவிலிருந்துதான்.

முதல் இரண்டு வாரம் நான் டிவி சத்தத்தை அணைத்துவிட்டு விளையாடினேன். எல்லோரும் தூங்குகிறார்களே என்று ஒரு நல்லெண்ணம். நான் தோற்றதற்குப் பாதிக் காரணம் அந்த நல்லெண்ணம்தான். இந்த கேமில் தடுப்பது இரண்டு வகை. எதிரியின் வாள் வந்து படும் அதே கணத்தில் பட்டனைத் தட்டினால், தீப்பொறி தெறித்து ‘டிங்’ என்று கணீரென ஒலிக்கும். முன்கூட்டியே அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தால் மந்தமாக ஒரு ‘டொக்’. இரண்டிலும் உயிர் தப்பும். ஆனால் ‘டொக்’ சேரச் சேர நம் நிலைதான் குலையும். ‘டிங்’ சேரச் சேர அவர் நிலை குலையும். முழுதாகக் குலைந்தால் ஒரே குத்து, அந்தச் சுற்று முடிந்தது. அவர் உடம்பில் உயிர் குறையக் குறைய, குலைந்த நிலை திரும்புவதும் மெதுவாகும். அதனால் ஆரம்பத்தில் ஓடி ஒளியாமல் நாலு அடி போட்டுவைக்க வேண்டும். இதெல்லாம் கண்ணால் பார்த்துச் செய்யும் காரியமில்லை. கண்ணுக்குத் தெரிவதற்குள் வாள் வந்துவிடும். தாளம் காதில் ஏற வேண்டும்.

ஒருநாள் இயர்போன் இல்லாமல் விளையாடிக்கொண்டிருந்தபோது அப்பா மாடிக்கு வந்தார். கொலுசை முடித்ததும் காதருகே வைத்து ஒரு குலுக்குக் குலுக்கிப் பார்ப்பது அவர் வழக்கம். திரையை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. “நடுவுல ஒண்ணு அடங்கிக் கேக்குதே” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். கவனித்துப் பார்த்தேன். தொடர்ந்து விழும் வெட்டில் ஒன்றுக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் அவசரப்பட்டிருக்கிறேன்.

சுகம் இதில்தான் இருக்கிறது. இஷின் ஏமாற்றுவதில்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் தோளிலோ காலிலோ ஒரு அறிகுறி காட்டுவார். தடுக்க முடியாத அடி என்றால் சிவப்பு எழுத்தே வரும். ஏன் செத்தோம் என்பது செத்த அந்த நொடியிலேயே தெரிந்துவிடும். முதல் நாள் மலையாகத் தெரிந்த கெனிசிரோ மூன்றாம் வாரம் ஒரு கீறல்கூடப் போடாமல் விழுந்தான். அவன் மாறவில்லை, என் கைதான் மாறியிருந்தது.

எரிச்சலும் அதே இடத்தில்தான், ஏனென்றால் பழி போட வேறு ஆள் இல்லை. மூன்றாம் சுற்று, அவர் உயிர் நூலளவு, என் உயிரும் நூலளவு. சுரைக்குடுவையில் மருந்து இன்னும் ஒரு மடக்கு பாக்கி. குடித்திருக்கலாம். ‘இன்னும் ஒரே அடி’ என்று கட்டைவிரலுக்குப் பேராசை. ஈட்டி நெஞ்சில் இறங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து அடுக்களையிலிருந்து அம்மா: “ஏங்கண்ணு, செத்தது போதும், தோசை ஆறுது.”

நியாயமில்லாத எரிச்சலும் உண்டு. இதே ஃப்ரம்சாஃப்ட்வேரிடமிருந்து 2009இல் வந்த டீமன்ஸ் சோல்ஸிலும், 2011இல் வந்த டார்க் சோல்ஸிலும் பாஸிடம் செத்தால் நெடுந்தூரம் திரும்ப ஓடிவர வேண்டிய இடங்கள் உண்டு. அதற்குப் பெயர் கஷ்டம் இல்லை, நேர விரயம். அவர்களே 2022இல் கொண்டுவந்த எல்டன் ரிங்கில் பல பாஸ்களுக்குப் பக்கத்திலேயே மீண்டும் எழ இடம் வைத்துவிட்டார்கள். ஆனால் அதே கேமில் மலேனியா என்று ஒருத்தி இருக்கிறாள். நம்மேல் படும் ஒவ்வொரு அடிக்கும் அவளுக்கு உயிர் ஏறும், கேடயத்தால் தடுத்தாலும் ஏறும். பத்து நாள் பார்த்துவிட்டு, போம்மா தாயே என்று விட்டுவிட்டேன். வெட்கமே இல்லை. ஈஸி வசதி கேட்பவர்களைக் கேலி செய்கிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போவதில்லை. அவரவர் விரல், அவரவர் நேரம்.

நாலாவது வாரக் கடைசியில் நண்பன் பைக்கில் ஏற்காடு போனோம். இருபது கொண்டை ஊசி வளைவில் பாதிகூட ஏறியிருக்க மாட்டோம், வண்டியை ஓரம்கட்டினான். “எதுக்குடா தோள்ல தட்டிக்கிட்டே வர்றே? வாந்தி வருதா?” என்றான். இஷினின் இரண்டாம் சுற்றை விரல் தானாகத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது. இரண்டு நாள் கன்ட்ரோலரைத் தொடாமல் மலையில் இருந்துவிட்டு இறங்கியதில் கை இன்னும் தெளிந்திருந்தது. தம்பியிடம் வேறெதுவும் சொல்ல வேண்டாம், இதை மட்டும் சொல்லுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் கை கற்றுக்கொள்ளாது. தூங்கி எழுந்தால் கற்றிருக்கும்.

அந்தத் திங்கட்கிழமை ராத்திரி இஷின் விழுந்தார். கத்த முடியவில்லை, வீடு தூங்குகிறது. நடுங்கும் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

2020 அக்டோபரில் வந்த இலவச அப்டேட்டில், ஜெயித்த பாஸ்களையே மறுபடி சண்டைக்கு அழைக்கும் வசதி கொடுத்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் திரும்ப இஷினோடு நிற்பதைப் பார்த்துவிட்டு அப்பா வாசற்படியில் நின்றார்.

“இந்தாளைத்தான் நேத்தே முடிச்சுட்டேன்னு சொன்னியேடா?”