டிரங்குப் பெட்டியில் அப்பாவின் எழுத்து: காப்பகத்துக்குக் கொடுக்கும் முன்

கேள்வி: எழுத்தாளரான என் அப்பா சென்ற ஆண்டு காலமானார். இரண்டு டிரங்குப் பெட்டி நிறையக் கையெழுத்துப் பிரதிகள், கடிதங்கள், டைரிகள். நூலகத்துக்குக் கொடுக்குமுன் பிரித்து அடுக்கட்டுமா?

பதில்: தயவுசெய்து அடுக்காதீர்கள். ஒரு கதையின் மூன்றாவது படியோடு பத்திரிகை ஆசிரியரின் கடிதம் சேர்ந்து கிடந்தால், அந்தத் திருத்தம் எப்படி வந்தது என்பதற்கு அந்தச் சேர்க்கையே சாட்சி. கடிதங்களைத் தனியாகவும் கதைகளைத் தனியாகவும் பிரித்துவிட்டால் அது போய்விடும். பெட்டியைத் திறந்த நிலையிலேயே படமெடுத்து, ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு துண்டுத்தாளில் பென்சிலால் எண்ணிட்டுச் செருகுங்கள்.

செல்லோடேப்பை உரிக்க வேண்டாம், எழுத்தும் சேர்ந்து வரும். லேமினேஷன் கூடவே கூடாது; பிறகு பிரிக்க முடியாது. துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னை இழுக்காமல், பின்பக்கக் கால்களை மெல்லிய தகட்டால் நிமிர்த்தி எடுங்கள். ஈரத்தாளை வெயிலில் வைத்தால் மை வெளுக்கும். நிழலில் மின்விசிறிக் காற்று போதும். பூஞ்சை பிடித்தவற்றைத் தனியே வைத்து, முகக்கவசத்தோடு தொடுங்கள்.

ராமபாணப்பூச்சி இருந்தால் அந்துருண்டை தீர்வல்ல. காய்ந்த கட்டைப் பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் மூடி, மைனஸ் 20 டிகிரி வரை போகும் ஃப்ரீஸரில் இரண்டு வாரம் வைக்கலாம். வெளியே எடுத்ததும் பிரிக்காதீர்கள். ஒரு நாள் பொறுங்கள், இல்லையென்றால் குளிர்ந்த தாளில் நீர் கோத்துக்கொள்ளும்.

இனி உரிமை. தாளைக் கொடுப்பதால் பதிப்புரிமை கைமாறாது. இந்தியச் சட்டப்படி, வாழ்நாளில் வெளியான படைப்புகளுக்கு ஆசிரியர் இறந்த மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 2024இல் இறந்தவருக்கு 2084 முடியும்வரை. அப்பாவுக்குப் பிறர் எழுதிய கடிதங்களில் தாள்தான் உங்களுடையது. அச்சிடும் உரிமை எழுதியவருடையது. ஆகவே எதைக் கொடுக்கிறீர்கள், யார் படிக்கலாம், யார் நகலெடுக்கலாம் என்பதை எழுதி, வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திடுங்கள். டைரியில் குடும்பத்தைப் புண்படுத்தும் பக்கம் இருந்தால் கிழிக்க வேண்டாம். 25 ஆண்டு மூடிவைக்கும்படி நிபந்தனை போடலாம்.

சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களைப் பெட்டியை அனுப்பும் முன்பே கேளுங்கள்: பட்டியல் எப்போது போடுவீர்கள், குளிரூட்டிய அறை உண்டா, ஸ்கேன் பிரதி எங்களுக்குக் கிடைக்குமா?

அப்பா கணினியிலும் எழுதினாரா? ஹார்டு டிஸ்கை அழிக்காமல் கொடுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால் அந்த எழுத்துருக் கோப்பையும் சேர்த்துக் கொடுங்கள். அது இல்லாமல் திறந்தால் திரையில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும்.