கடன்பட்டவரே எக்ஸிகியூட்டராக இருந்தால்

கேள்வி: என் தந்தை 26 மாதங்களுக்கு முன் சென்னையில் காலமானார். குடியிருக்கும் வீட்டை என் தாயாருக்கும், புரசைவாக்கத்தில் உள்ள கடையை விற்று வரும் தொகையைத் தாயார், தம்பி, நான் ஆகிய மூவருக்கும் சமமாகவும் உயில் எழுதி, என் சித்தப்பாவை உயிலை நிறைவேற்றும் எக்ஸிகியூட்டராக நியமித்திருந்தார். சித்தப்பா உயர் நீதிமன்றத்தில் புரொபேட் (உயிலை உறுதிசெய்யும் நீதிமன்றச் சான்று) பெற்று 14 மாதங்கள் ஆகியும் எங்களிடம் எந்தக் கணக்கும் காட்டவில்லை. அந்தக் கடையில் பல ஆண்டுகளாக வாடகைக்கு இருப்பவரும் அவரே. அப்பா இறந்த பிறகு வாடகை தரவில்லை. புரோநோட்டு எழுதிக் கொடுத்து அப்பாவிடம் வாங்கிய 8 லட்சம் ரூபாயும் நிலுவையில் உள்ளது. நோட்டு எழுதி இரண்டரை ஆண்டு ஆகிறது. இப்போது கடையைத் தம் மருமகன் பெயரில் வழிகாட்டி மதிப்புக்கே வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, ஆட்சேபணை இல்லை என்று தாயாரிடம் கையெழுத்துக் கேட்கிறார். அவரை நீக்க முடியுமா? நீக்கினால் உயில் செல்லாமல் போய்விடுமா?
— ஒரு வாசகி, சென்னை

பதில்: நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதற்கு இன்னும் ஆறு மாத அவகாசம்தான் உள்ளது. கேட்கும்போது தருவதாக எழுதப்பட்ட புரோநோட்டுக்கு, எழுதிய நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். உங்கள் தந்தையின் சார்பில் அந்த வழக்கைத் தொடர வேண்டிய கடமை எக்ஸிகியூட்டருடையது. இங்கே வசூலிக்க வேண்டியவரும் கொடுக்க வேண்டியவரும் ஒருவராகவே இருப்பதால், அவர் வாளாவிருந்தாலே கடன் காலாவதியாகி அவருக்கு லாபமாகிவிடும். கடன் கொடுத்தவரின் சொத்தை நிர்வகிக்கும் பொறுப்பு கடன் வாங்கியவரிடமே போய்ச் சேர்ந்தால் அந்த நிர்வாகம் நீடிக்கும் வரை காலவரம்பு ஓடாது என்று 1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் 9-ஆவது பிரிவில் சொல்கிறது உண்மைதான். ஆனால் அந்த வாசகம் ‘லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன்’, அதாவது எக்ஸிகியூட்டர் இல்லாதபோது சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் தரும் ஆணை, பெற்றவரைப் பற்றியே பேசுகிறது. உங்கள் சித்தப்பா பெற்றிருப்பது புரொபேட். எக்ஸிகியூட்டருக்கும் அது பொருந்தும் என்று வாதிடலாம் என்றாலும், 8 லட்சம் ரூபாயை ஒரு வாதத்தை நம்பி விட்டுவைப்பது சரியல்ல. கெடு முடிவதற்குள் நோட்டின் பின்புறம் ஒரு தொகையை வரவு வைத்து அவர் கையெழுத்திட்டாலும், கடனை ஒப்புக்கொண்டு தனியே எழுதிக் கையெழுத்திட்டாலும், அந்த நாளிலிருந்து 3 ஆண்டுகள் புதிதாகக் கிடைக்கும்.

இனி நீக்கம் பற்றி. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் 301-ஆவது பிரிவில், எக்ஸிகியூட்டரை இடைநிறுத்தவும் நீக்கவும், அவர் இடத்தில் வேறொருவரை அமர்த்திச் சொத்துகளை அவர் வசம் ஒப்படைக்கவும் உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தந்திருக்கிறது. மாவட்ட நீதிமன்றத்தில் இந்த மனுவைப் போட இயலாது. இந்தப் பிரிவின்படி மாறுவது ஆள் மட்டுமே. உயிலும் அதில் உங்களுக்குள்ள பங்கும் அப்படியே இருக்கும். புரொபேட்டையே ரத்து செய்யக் கோரும் 263-ஆவது பிரிவு வேறு. அந்த வழியில் சென்றாலும் உயில் அழியாது. ஆனால் அதை நிறைவேற்ற மீண்டும் ஒருவர் நீதிமன்ற ஆணை பெற வேண்டிவரும். உங்கள் நிலையில் 301-ஆவது பிரிவே போதும் என்பது என் கருத்து.

ஆனால், சித்தப்பா வாடகைதாரர், கடனாளி என்பதை மட்டும் சொல்லி நீக்கம் கேட்டால் மனு தோற்கக்கூடும். இவ்விரண்டும் தெரிந்தேதான் உங்கள் தந்தை அவரை நியமித்தார் என்று எதிர்த்தரப்பு வாதிடும். உயில் எழுதியவரின் தேர்வை நீதிமன்றங்கள் எளிதில் புறந்தள்ளுவதில்லை. தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியிலிருந்து வந்த லெட்டர்ஸ்டெட் மேல்முறையீட்டில் 1884-இல், பிரிட்டிஷ் பேரரசின் மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில் வகுத்த நெறி இன்றும் எடுத்தாளப்படுகிறது: பயனாளிகளுக்கும் பொறுப்பாளருக்கும் இடையே உள்ள மனக்கசப்பு மட்டும் நீக்கத்துக்குப் போதாது, அவர் நீடிப்பது பயனாளிகளின் நலனுக்கு உகந்ததா என்பதே கேள்வி. ஆகவே, அவருடைய சொந்த நலன் அவருடைய கடமையை எந்த இடத்தில் தடுத்திருக்கிறது என்பதைச் செயல்களைக் கொண்டு காட்ட வேண்டும். வசூலிக்காத வாடகை, கேட்கப்படாத புரோநோட்டு, விற்கப்படாத கடை, குறைந்த விலைக்கு மருமகன் பெயரில் வாங்கும் முயற்சி ஆகிய நான்கையும் தேதிகளோடு எழுதினால், சித்தப்பாவின் குணத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதத் தேவையிருக்காது. எழுதவும் வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன். குடும்பக் கோபம் மிகுந்த மனுக்களில் வலுவான உண்மைகள் மறைந்துபோவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இவற்றுக்கெல்லாம் அடிப்படை ஆவணம் ஒன்று உண்டு. புரொபேட் கிடைத்த 6 மாதங்களுக்குள் சொத்துகளையும் வரவேண்டிய கடன்களையும் முழுமையாகக் காட்டும் பட்டியலையும், ஓர் ஆண்டுக்குள் வரவு செலவுக் கணக்கையும் எக்ஸிகியூட்டர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது வாரிசுரிமைச் சட்டத்தின் 317-ஆவது பிரிவு. நீதிமன்றம் நீட்டிப்புத் தந்திருந்தாலன்றி இரண்டு கெடுவும் கடந்துவிட்டன. எனினும், அவர் உங்களிடம் காட்டாமலே நீதிமன்றத்தில் தாக்கல் செய்திருக்கவும் கூடும். எனவே ஒரு வழக்கறிஞர் மூலம் கோப்பைப் பார்வையிட்டுச் சான்றிட்ட நகல்களுக்கு விண்ணப்பியுங்கள். பட்டியல் தாக்கலாகவில்லை என்றால் அதுவே உங்கள் மனுவின் முதல் பத்தி. தாக்கலாகி அதில் புரோநோட்டு விடுபட்டிருந்தால் நிலைமை அவருக்கு இன்னும் பாதகமானது. புரோநோட்டைத் தம் கடனாக அவரே குறிப்பிட்டிருந்தாலோ, அவர் கையெழுத்திட்ட அந்தப் பட்டியலையே கடனை ஒப்புக்கொண்ட எழுத்தாகக் காட்ட முடியும். ஒப்புகை கடன் கொடுத்தவருக்கே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் காலவரம்புச் சட்டத்தில் இல்லை.

கடையை வாங்கும் திட்டத்துக்கு வாரிசுரிமைச் சட்டத்தின் 310-ஆவது பிரிவு பொருந்தும். இறந்தவரின் சொத்தை எக்ஸிகியூட்டர் நேரடியாகவோ மறைமுகமாகவோ வாங்கினால், அந்தச் சொத்தில் நலன் உள்ள எவரும் அந்த விற்பனையை ரத்து செய்யக் கோரலாம். மருமகன் பெயரில் வாங்குவது மறைமுகமாக வாங்குவதே என்று வலுவாக வாதிட முடியும். ஆனால் அத்தகைய விற்பனை தானாகவே செல்லாததாகிவிடுவதில்லை. நீங்கள் வழக்குப் போட்டு ரத்து செய்யும் வரை பத்திரம் நிற்கும், அதற்குள் அது மூன்றாம் நபரிடம் கைமாறினால் சிக்கல் பெருகும். ஆகையால் நீக்க மனுவுடனேயே விற்பனைக்கு இடைக்காலத் தடையும், வாடகை நிலுவையை நீதிமன்றத்தில் செலுத்தும் உத்தரவும் கேளுங்கள். நீக்கம் வரை போக நீதிமன்றம் தயங்கினால், நிர்வாகம் குறித்து எக்ஸிகியூட்டருக்குக் கட்டளைகள் இட 302-ஆவது பிரிவில் இடமுண்டு என்பதால், அதையும் மாற்றுக் கோரிக்கையாகச் சேர்த்துவிடுங்கள்.

மனுவுக்கு முன்பு, பட்டியலும் கணக்கும் கடன் ஒப்புகையும் கேட்டுப் பதிவு அஞ்சலில் ஒரு கடிதம் அனுப்பி 15 நாள் அவகாசம் கொடுங்கள். அவர் அதை மதித்து நடந்தால் உறவும் பிழைக்கும், வழக்குச் செலவும் மிஞ்சும். புதிய எக்ஸிகியூட்டராக யாரை முன்மொழிவது என்பதை மூவரும் இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். தம்பியின் பெயரை மூவரும் ஒருமனதாக எழுதிக் கொடுப்பது, நீதிமன்றமே ஓர் அந்நியரைத் தேடுவதைவிட விரைவாக முடியும். புரோநோட்டு உங்கள் வீட்டில் இருந்தால், அதை எவரிடமும் கொடுக்காமல் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் நகலெடுத்து வையுங்கள். சொத்துப் பட்டியலையும், கடைக்கு ஒரு பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் தரும் சந்தை மதிப்பையும் கண்ணால் பார்க்கும் வரை, சித்தப்பா நீட்டும் எந்தத் தாளிலும் தாயார் கையெழுத்திட வேண்டாம்.